இருட்டு ரோட்டுக்கு யார் பொறுப்பு? – கேள்வி பதில்

மலேசியாவின் பத்தாங்காலி வட்டாரத் தோட்டங்களில் பெண்கள் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போனால் துணைக்குப் போய் வருகிறவள் நான். கடைவீதி, கொமுட்டர் ரயில், வேன், வீடு திரும்பும் வழி என்று பலர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ரவாங்கில் வேலை. இரவு ரயிலில் இறங்கினால் மெயின் ரோடு வரை பரவாயில்லை. அப்புறம் செம்பனை மரங்களுக்கு நடுவே லயம் (தோட்ட வீடுகள்) வரை கும்மிருட்டு. ஓர் ஆபீஸில் சொன்னால் இன்னோர் ஆபீஸைக் காட்டுகிறார்கள். யாரிடம்தான் சொல்வது அக்கா?

அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது தங்கச்சி. ஒரே வழிதான், ஆனால் அதற்கு மூன்று நான்கு சொந்தக்காரர்கள். கடைவீதி, தாமான் (குடியிருப்பு) ரோடுகள் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. பெரிய ரோடு பொதுப்பணித் துறையுடையது. தோட்டத்து கேட்டைத் தாண்டினால் தனியார் நிலம், அங்கே நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். தெனாகா (மின்சார நிறுவனம்) கம்பத்தில் விளக்கு அணைந்திருந்தால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு 15454க்கு அழையுங்கள். "கோயில் பக்கத்துக் கம்பம்" என்றால் யாருக்கும் புரியாது.

நீங்கள் ரயில் இறங்கும் அதே நேரத்தில் இரண்டு மூன்று பேராக அந்த வழியை நடந்து பாருங்கள். பகலில் பார்த்து எழுதிய புகாரில் பாதி தப்பாகத்தான் இருக்கும். சில இடத்தில் விளக்கு நன்றாகவே எரியும்; செம்பனை மட்டை அதை மூடிக்கொண்டு, வெளிச்சமெல்லாம் மட்டைக்கு மேலேயே நின்றுவிடும். அதற்குப் புது விளக்கு கேட்டு மனு போட வேண்டாம். தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லி மட்டையை வெட்டச் சொன்னால் ஒரு காலையில் முடிகிற வேலை.

அப்புறம் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனிக் கடிதம் மலாயில் எழுதி, அந்த வழியில் நடக்கிற பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நகலில் சாப்பு (முத்திரை) குத்தி வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வாயால் சொன்ன புகாரை அடுத்த வாரம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கொமுட்டரில் கூட்டத்தைச் சாக்காக வைத்து ஒருவன் உரசிக்கொண்டே வந்தான். கத்தலாமா? எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள்?

பார்க்கட்டும், பார்த்தால்தான் நல்லது. வெறுமனே கத்தினால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது. "அபாங் பாஜு பீரு, ஜாங்கான் செந்து சாயா!" (நீலச் சட்டை அண்ணே, என்னைத் தொடாதே!) என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். நீலச் சட்டை போட்டவன் பக்கம் எல்லாக் கண்ணும் திரும்பும். (அவனுக்கு என்ன 'அபாங்' மரியாதை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.) பெட்டி எண், நேரம், அடுத்த ஸ்டேஷன் மூன்றையும் உடனே போனில் குறித்துக்கொண்டு, அன்றைக்கே புகார் கொடுங்கள். கேமராப் பதிவு எப்போதும் அப்படியே இருக்காது.

மானபங்கம் செய்யும் நோக்கத்தில் தொட்டால் தண்டனைச் சட்டம் 354ஆம் பிரிவு. சிறை மட்டுமே 10 ஆண்டு வரை போகலாம். ஆபாசப் பேச்சு, சைகை என்றால் 509, அதற்கு 5 ஆண்டு வரை. 2010இலிருந்து பெண்களுக்கான பெட்டி இருக்கிறது, ரயிலின் நடுப்பகுதியில் பாருங்கள். அதில் ஏறுவது உங்கள் வசதிக்குத்தான். மற்றப் பெட்டியில் ஏறியது உங்கள் குற்றமாகாது.

கேள்வி: மகள் ஐந்தாம் படிவம். டியூஷன் முடிந்து பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வழியாக வரும்போது பையன்கள் கேலி செய்கிறார்களாம். டியூஷனை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அண்ணே. நிறுத்த வேண்டியது கேலியை. பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தால் அந்தப் பையன்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்வார்கள். அந்த இடத்தில் கடை போடுகிறவர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கேள்வி: ஒருவன் வாரக்கணக்கில் மோட்டாரில் பின்னாலேயே வருகிறான். தொடவில்லை, பேசவில்லை. போலீஸ் எடுத்துக்கொள்வார்களா?

முன்பு இது கஷ்டம். 2023இல் பின்தொடர்தல் தனிக் குற்றமானது, பிரிவு 507ஏ. பயமோ மன உளைச்சலோ தரும்படி இரண்டு முறையாவது தொல்லை செய்திருக்க வேண்டும். 3 ஆண்டு வரை சிறை உண்டு. தேதி, நேரம், இடம், மோட்டார் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "எப்போதும் வருகிறான்" என்று சொல்வதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். வழியை மறித்தால் நோட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், 999தான்.

கேள்வி: கம்பெனி வேன் டிரைவர் முன் சீட்டில் உட்காரச் சொல்லி அசிங்கமாகப் பேசுகிறார். வேலை போய்விடுமோ என்று பயம்.

வேலைக்கு ஏற்றிப்போகிற வேன்தானே, முதலாளியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். வேலைச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாரை அவர் விசாரிக்க வேண்டும். தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டுவதும் 2023 முதல் கட்டாயம். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் ஒரு வரி சேருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. பொதுவாக வக்கீல் கிடையாது, மூடிய அறையில் விசாரணை. மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடும் கொடுக்கச் சொல்லலாம். வக்கீல் செலவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது பெரிய வாசல்.

கேள்வி: எனக்கு மலாய் சரளமாக வராது. நடந்த இடமும் வேறு ஊர். எங்கே போவது?

பக்கத்துப் பாலாய்க்கே (போலீஸ் நிலையத்துக்கே) போகலாம் அம்மா. எந்த ஊரில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். பெண் அதிகாரி வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மலாய் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எழுதியதை அவர் படித்துச் சொல்லி, உங்களுக்குப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். யாரும் கிடைக்கவில்லையா, 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். ரிப்போர்ட் நம்பரை மறக்காமல் வாங்கி வாருங்கள், பிறகு எதைக் கேட்கப் போனாலும் முதலில் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள்.