வாயு ஹைட்ரேட் இருந்தால் மணல் படிவத்தில் நீர் ஓட்டம் ஏன் குறைகிறது?

நீர் மூலக்கூறுகள் கூண்டு போலச் சேர்ந்து, உள்ளே மீத்தேன் போன்ற வாயுவை அடைத்து வைத்திருக்கும் திடப்பொருள்தான் வாயு ஹைட்ரேட். பார்க்கப் பனிக்கட்டி மாதிரியே இருக்கும். அதிக அழுத்தமும் குளிர்ச்சியும் உள்ள கடலடி மணலில் இது உருவாகிறது.

மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள்தான் நீருக்கு வழி. அங்கே ஹைட்ரேட் குடியேறினால் வழி குறுகும். சரி, கொஞ்சம்தானே குறுகும் என்று தோன்றலாம். ஆனால் ஒரு குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் 16-இல் ஒரு பங்காகிவிடும்! மணல் துளைகள் சீரான குழாய்கள் அல்ல என்றாலும் போக்கு இதுதான்.

அளவைப் போலவே இடமும் முக்கியம். குறுகிய நடைபாதையில் ஒருவர் சுவரோரம் ஒட்டி நின்றால் எப்படியோ கடந்துவிடலாம். அதே ஆள் நட்டநடுவில் நின்றால் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். துகள்மேல் பூச்சாகப் படியும் ஹைட்ரேட்டைவிட, துளையின் நடுவில் வளர்வது நீரை அதிகம் தடுக்கிறது. நீர் வேகமாக ஓடுவதே நடுப்பகுதியில்தானே. அழுத்தத்தைக் குறைத்து ஹைட்ரேட்டைச் சிதைத்தால் வழி மறுபடி திறக்கும். அப்புறம் வாயுக் குமிழிகளும் நீரோடு இடத்துக்குப் போட்டியிடும்.

ஹைட்ரேட் உள்ள மணல் முழுக்க அடைபட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் துளைகளில் கொஞ்சம் நீர் மீந்திருக்கும், அதன் வழியே மெல்லிய ஓட்டம் தொடரும்.