அவரைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள்

1850களில் ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் என்னைப் போல் திருமணத்தின் வழியே வந்த உறவாகத்தான் இருக்கும் என எண்ணுகிறேன். மெல்பர்னில் வாழும் நான், என் மனைவியின் பாட்டிக்குப் பாட்டியான ஒருவரை மூன்று ஆண்டுகள் தேடினேன். "வெள்ளைக்காரர் வம்சாவளி உனக்கு எதற்கு?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. என் பிள்ளைகளுக்கு அவர் முப்பாட்டி வரிசையில் நிற்பவர் என்பதே என் பதில்.

அவர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஸ்கை தீவில் பிறந்தவர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோய் அத்தீவைப் பட்டினியில் தள்ளியது. குத்தகை கட்ட வழியில்லாத குடும்பங்களை, 1852 முதல் ஹைலண்ட் (ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாடு) மற்றும் தீவுக் குடியேற்றச் சங்கம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அப்படி வந்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். 1852 டிசம்பரில் கேம்பல்டவுனிலிருந்து புறப்பட்ட ஹெர்குலிஸ் கப்பலின் பட்டியலில் அவர் இருக்கிறார். ஆனால் வந்து இறங்கியது வேறொரு கப்பலில். ஹெர்குலிஸில் பெரியம்மை பரவியதால் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் அதை நிறுத்திவைத்து, பயணிகள் பலரை வேறு கப்பல்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள் என்பதை அறியாமல் ஓராண்டை வீணாக்கினேன்.

அதைவிடப் பெரிய குழப்பம் பெயரில் இருந்தது. கப்பல் பட்டியலில் எஃபி, திருமணப் பதிவில் யூஃபீமியா, மரணப் பதிவில் ஹென்ரியெட்டா. அவருடைய கணவர் மூன்று பெண்களை மணந்தவர் என்றே மனைவி வீட்டார் நம்பியிருந்தார்கள். ஸ்கை தீவினரின் தாய்மொழியான கேலிக் அறிந்த முதியவர் ஒருவர் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில், மூன்றுமே ஓய்ரிக் என்னும் ஒரே கேலிக் பெயருக்கு ஆங்கில எழுத்தர்கள் இட்ட பெயர்கள் என்றார். அன்று என் மாமியார் கண்கலங்கியதை நான் மறக்கவில்லை.

அடுத்து எஃபியின் தாய். மெல்பர்ன் அடங்கிய விக்டோரியா மாநிலத்தின் மரணப் பதிவுகளில், இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் வரையில் எழுத இடமுண்டு. ஆனால் தகவல் தந்த மருமகனுக்கு அது தெரியாததால் இவருடைய பதிவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஸ்காட்லாந்து வழக்கப்படி மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயரையும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரையும் இடுவார்கள். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களை உடைய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவருடைய மூத்த மகள் ரெபெக்கா. 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஸ்னைசார்ட் வட்டாரத்தில், எஃபி என்ற மகளுடன் சோஃபியா என்ற தாய் இருந்தார். ரெபெக்காவும் சோஃபியாவும் பேஹக் என்ற ஒரே கேலிக் பெயரின் இரு வடிவங்கள். அந்தத் தாய் கணவர் பெயரில் அல்லாமல், பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருந்தார். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அழிவதில்லை. என் சொந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர்கூட எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாத நிலையில், இது என்னை மிகவும் பாதித்தது.

இது உறுதியான சான்றாகாது என்று சிலர் மறுக்கக்கூடும். பெயரிடும் மரபை எல்லோரும் பின்பற்றவில்லை என்பது உண்மை. தந்தையின் பெயரும் உடன்பிறந்தோரின் வயதும் கப்பல் பட்டியலோடு பொருந்திய பிறகே ஏற்றேன். இதையெல்லாம் சரிபார்க்காமல் பிறர் தொகுத்த வம்சாவளியை அப்படியே நகலெடுத்து இணையத்தில் ஏற்றுவோரால் இன்றும் இவருக்கு இரண்டு பொய்யான தந்தையர் இருக்கிறார்கள். அவர் குடியேறிய, விக்டோரியாவின் கிழக்கிலுள்ள கிப்ஸ்லாண்ட், குனைகுர்னாய் என்னும் பூர்வகுடி மக்களின் நிலம் என்பதையும், அதைப் பறித்தவர்களில் ஸ்கை தீவினர் இருந்ததையும் குடும்பக் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். 1843இல் திருச்சபை பிளவுபட்டபோது ஹைலண்ட் மக்களில் பெரும்பாலோர் சுதந்திரத் திருச்சபைக்குச் சென்றுவிட்டதால், பழைய திருச்சபையின் ஏடுகளில் பலருடைய ஞானஸ்நானம் இடம்பெறவில்லை. அரசுப் பதிவு தொடங்கியதோ 1855இல்தான். முதலில் மரணப் பதிவின் நகலை வாங்குங்கள். பிறகு மூத்த மகள் பெயரையும், பிறந்த வட்டாரத்தையும் இங்கே எழுதுங்கள். ஸ்கை தீவாக இருந்தால், நான் தொகுத்து வைத்துள்ள கேலிக் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.