ஸ்கோர்தான் எல்லோருக்கும் தெரியுமே, உங்கள் பத்தி எதற்கு?

கேள்வி: எனக்கு 23 வயது. ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வாரம் ஒரு விளையாட்டுப் பத்தி எழுதுகிறேன். “தப்பில்லப்பா, ஆனா இதை யார் வேணா எழுதியிருக்கலாம்” என்கிறார் ஆசிரியர். என் எழுத்து தனியாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: ஆசிரியர் குறையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஆட்டம் முடிந்த கையோடு ஸ்கோர், ஹைலைட்ஸ், மீம் எல்லாம் வாசகரின் போனுக்கு வந்துவிடுகின்றன. நான்கு நாள் கழித்து வரும் பத்தியும் அதையே சொன்னால் யார் படிப்பார்கள்? ஆட்டத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். அதற்கு நீங்களே பதில் தேடுங்கள். அந்தத் தேடல்தான் பத்தி.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18 வயதில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆன செய்தியை எல்லோரும் எழுதினார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: டிராவில் முடியும் என்று பலரும் நினைத்த ஆட்டத்தை அவர் ஏன் விடாமல் இழுத்தார்? கடைசி ஆட்டமான 14-ஆவது தொடங்கும்போது குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் 6.5-6.5. டிரா என்றால் மறுநாள் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் டைபிரேக்கர். குகேஷ் கையில் ஒரு சிப்பாய் கூடுதல். தொடர்ந்து ஆடுவதால் அவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. களைத்திருந்த எதிராளிதான் ஒவ்வொரு முறையும் சரியான பதில் தேட வேண்டும். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை (யானை) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். ரூக்குகள் வெட்டுப்பட்டால் டிரா நெருங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அவருடைய பிஷப் (மந்திரி) ஏ8 மூலையில் நின்றது. ரூக்குகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். அதே மூலைவிட்டத்தில் மாட்டிக்கொண்ட பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. பிஷப்புகளும் போனால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும்.

இப்போது முடிவைத் தலைகீழாக்கிப் பாருங்கள். டிங் அந்தத் தவறைச் செய்யாமல் ஆட்டம் டிரா ஆகியிருந்தாலும், “ஆபத்தில்லாத நிலையில் அழுத்திக்கொண்டே இருந்தது சரி” என்ற உங்கள் கருத்து நிற்கும். “குகேஷின் மன உறுதி வென்றது” என்பது நிற்காது. டிரா ஆகியிருந்தால் இதே பேனா “அனுபவமின்மை” என்று எழுதியிருக்கும். இளம் பத்தியாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முடிவைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுகிறார்கள். ஜெயித்தால் துணிச்சல், தோற்றால் அலட்சியம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தீர்ப்பு வாக்கியத்தையும் இப்படிச் சோதியுங்கள்.

அடுத்தது குறிப்பு நோட்டு. கபடியை எடுத்துக்கொள்வோம். புரோ கபடி விதிப்படி 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: பாடிப் போனவர் யார், எதிரே எத்தனை பேர், எத்தனை புள்ளி, எந்த மூலையில் பிடிபட்டார். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுகளை மட்டும் வட்டமிடுங்கள். பயிற்சியாளர் அப்போது நட்சத்திர ரெய்டரை அனுப்புகிறாரா, இல்லை போனாலும் பரவாயில்லை என்று இன்னொருவரையா? அதற்கான பதிலிலேயே ஒரு பத்தி கிடைக்கும். உங்கள் மாவட்டப் போட்டிகளில் இப்படி எழுதிவைக்க ஆளே இருக்காது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஊர்ப் போட்டிகளில் விதி மாறலாம். முதலில் நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளிவிவரம் ஒரு பத்திக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் பக்கத்தில் ஒப்பீடு வேண்டும். டி20-இல் “ஓவருக்கு 9 ரன் கொடுத்தார்” என்றால் ஒன்றும் புரியாது. பவர்பிளே எனப்படும் முதல் 6 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்தான். கடைசி 4 ஓவரிலோ மட்டையாளர் எல்லாப் பந்தையும் தூக்கத்தான் பார்ப்பார். நடு ஓவரில் 8 கொடுத்தவரைவிட அங்கே 9 கொடுத்தவர் நன்றாக வீசியிருக்கலாம்.

வீரரிடம் “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டால் “அணிக்காக ஆடினேன்” என்பார், தப்பு அவர் மேல் இல்லை. “17-ஆவது ஓவரில் தேர்ட் மேன் ஃபீல்டரை ஏன் உள்ளே கொண்டுவந்தீர்கள்?” என்று கேளுங்கள். மைதானத்தில் பிட்ச் தயாரிப்பவரையும் ஸ்கோரரையும் விட்டுவிடாதீர்கள். பல நேரம் கேப்டனைவிட அவர்கள்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மொழிக்கு வருவோம். “மண்ணைக் கவ்வியது”, “சூறாவளி ஆட்டம்”, “நடையைக் கட்டினார்” – இவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். “சுருண்டது” என்பதைவிட “4 ரன்னுக்குள் 3 விக்கெட்” பலமானது. 600 சொல் பத்தியில் மூன்றாவது பாராவுக்குள் உங்கள் கருத்து வந்துவிட வேண்டும். அதற்கு மேல் காத்திருக்க வாசகருக்குப் பொறுமை இருக்காது.

பெயர், வயது, ஸ்கோர் மூன்றையும் அதிகாரபூர்வ ஸ்கோர்ஷீட்டோடு ஒரு தடவை ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். அப்படியும் பிழை வந்துவிட்டால், அடுத்த வாரப் பத்தியின் முதல் வரியிலேயே திருத்தம் போடுங்கள். கடைசி வரியில் ஒளித்துவைக்க வேண்டாம்.