கோக் கரி பற்றவில்லையா? அது லெகோ இல்லை, அதான்

மஞ்சக்குப்பத்துல டீக்கடை போட்டிருக்கிற நண்பரே, பட்டறைக்காரரிடம் ஒரு மூட்டை கோக் கரி வாங்கி, தாத்தா காலத்து லெகோ (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த அடுப்புக்கரி) மாதிரி எரியும்னு நம்பி அடுப்பில் போட்டு, அரை மணி நேரம் விசிறியும் பற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரக்கில் குறையில்லை, இனமே வேறு.

நீங்கள் வாங்கியது உலோகம் உருக்கி வார்க்கிற பட்டறைகளின் வார்ப்படக் கோக், நிலக்கரியைக் காற்றில்லாமல் சுமார் 1000 டிகிரியில் சுட்டது. எளிதில் தீப்பிடிக்கிற ஆவி, தார் எல்லாம் போய், துருத்தி ஊதினால்தான் கனியும். 450 முதல் 700 டிகிரிக்குள் நிறுத்தினால் புகைவிடும் தார் பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் பற்றிக்கொள்ளத் தேவையான ஆவி கொஞ்சம் மிஞ்சும். இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் என்ற மின் பொறியாளர் 1900களின் தொடக்கத்தில் இப்படித்தான் கோலைட் என்ற புகை குறைந்த அடுப்புக்கரியைச் செய்தார். லண்டன் புகைக்கு மாற்றாக நினைத்தது, தொழிலாக ஊன்றியதோ 1920களின் கடைசியில்தான்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம், கோக்காக ஒட்டவும் ஒட்டாது. அதனால் உலர்த்தி, வில்லையாக அழுத்தி, அப்புறம் இதே போலக் குறைந்த சூட்டில் சுட்டார்கள். அதுதான் லெகோ. எங்கள் வீட்டுக் கும்முட்டியில் அம்மா கொட்டாங்கச்சித் தணல்மேல் நாலு துண்டு வைப்பார், ஓரம் சிவந்ததும் பால் ஏறிவிடும்.

இப்போதைக்கு மரக்கரியைக் கீழே நன்றாகக் கனியவிட்டு, கோக்கை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து மேலே போட்டு, சின்ன மின்விசிறி ஊதி வையுங்கள். ஷட்டரை மட்டும் சாத்தாதீர்கள், புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும், ஆளைக் கொல்லும்.