தாத்தா பெயரில் பட்டா, தரிசாய்க் கிடக்கும் 7 ஏக்கர்: மண்ணைத் திருத்த எங்கே தொடங்குவது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு 7 ஏக்கர் புன்செய் இருக்கிறது. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்தான். பாட்டியும் இல்லை. அப்பாவுக்கு இரண்டு அண்ணன்கள், இரண்டு தங்கைகள். இருபது வருடமாக யாரும் உழவில்லை, சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. நான் வெளியூர் வேலையை விட்டு வந்து, மண்ணைத் திருத்தி வரகும் உளுந்தும் போட்டு, வரப்பில் மரம் வைக்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்தில் 3 ஏக்கரை ஒருவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார். அதையும் சேர்த்துத் திருத்த ஆசை. ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்கப் போகிறேன். மண்ணை வளமாக்க முதலில் எதைச் செய்ய வேண்டும் ஐயா?

பதில்: முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வண்டிக்காரரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நிலம் இருபது வருடம் தரிசாகக் கிடந்ததற்கு மண் காரணமில்லை. ஒருவர் பெயரில் பட்டா, ஐந்து பேருக்குப் பாத்தியம், யாருக்கு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நிலத்தில் வரப்புப் போட எவர் கை நீளும்? உழுதவனுக்கு வருத்தம், உழாதவனுக்குச் சந்தேகம் என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். நான் பார்த்த புன்செய்க் காடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். கருவேலத்தை அகற்றிவிட்டு இந்தச் சிக்கலை அப்படியே விட்டால், மூன்றே வருடத்தில் கருவேலம் திரும்ப வந்துவிடும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையும் பலன் தர ஒரு காலம் எடுக்கும். செடியை விதைத்து வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரத்துக்கு ஒரு பருவம். வண்டல் அடிப்பதற்கும் வரப்புக்கும் நாலைந்து வருடம். மரத்துக்குப் பத்து, பதினைந்து. உங்கள் கையில் இருக்கும் உரிமை அந்தக் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உழைப்பு உங்களுடையது, பலன் வேறொருவருடையது.

சரி, இப்போது உங்கள் உரிமை எவ்வளவு என்று பார்ப்போம். சொல்வது கொஞ்சம் கசக்கும். தாத்தா சுயமாக வாங்கிய நிலம், உயில் எழுதாமல் இறந்தார் என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பிள்ளைகளுக்கும் சமபங்கு. 7 ஏக்கரை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 1 ஏக்கர் 40 சென்ட். உங்கள் அப்பாவுக்கு உரியது அவ்வளவுதான். அப்பா இருக்கும்வரை அதிலும் சட்டப்படி நீங்கள் உரிமையாளர் இல்லை.

அத்தைகளை நான் சேர்த்துத்தான் எண்ணினேன். "அவங்களுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். சட்டம் அதை ஏற்காது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும் மகள்களுக்குப் பிறப்பாலேயே பங்கு தந்துவிட்டன. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அத்தைகளை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினை, நீங்கள் நட்ட மரம் வெட்டும் பருவத்துக்கு வரும்போது வழக்காகத் திரும்பி வரும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காட்டில் களையெடுத்தவர்களும் அவர்கள்தான்.

தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் உட்பிரிவும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு; உரிமையின் வேர் பத்திரத்தில் இருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் முதலில் வருவாய்த் துறையிடம் மனு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் பாகப்பிரிவினை. இங்கேதான் மண்ணின் தலையெழுத்தே எழுதப்படுகிறது. ஆனால் இதை யாரும் மண்ணின் கண்ணால் பார்ப்பதில்லை. வழக்கமாக என்ன செய்வார்கள்? எல்லோருக்கும் பாதை வேண்டும் என்று, ரோட்டிலிருந்து ஓடை வரைக்கும் நீளவாக்கில் ஐந்து பட்டையாக அறுத்துவிடுவார்கள். ஆளுக்கு மேடும் கிடைக்கும், பள்ளமும் கிடைக்கும். பங்கு என்ற அளவில் நியாயம்தான். ஆனால் மழைத் தண்ணீர் சரிவில் ஓடுகிறது. அதைத் தடுக்கும் வரப்பு சரிவுக்குக் குறுக்கே, ஐந்து பட்டையையும் தாண்டிப் போக வேண்டும். நடுவில் ஒருவர் தன் பட்டையில் வரப்பை வெட்டிவிட்டால், மேலே தேங்கிய தண்ணீர் முழுவதும் அந்த ஒரு வாயில் பாய்ந்து கீழே இருக்கும் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இதற்கு வழி நம் பழைய பத்திரங்களிலேயே இருக்கிறது. கிணறு இருந்த நிலத்தைப் பிரிக்கும்போது, கிணற்றில் ஐந்தில் ஒரு பங்கு, இறைவைப் பாத்தியம், வண்டிப் பாதை பாத்தியம் என்று எழுதி வைத்தார்கள் இல்லையா? அதேபோல உங்கள் பாகப்பிரிவினையில் குறுக்கு வரப்புகளும் தண்ணீர் வடியும் வழியும் பள்ளத்து மூலையில் வெட்டப்போகும் பண்ணைக்குட்டையும் ஐவருக்கும் பொது என்று எழுதுங்கள். யாரும் தன்னிச்சையாக உடைக்கக் கூடாது, பழுது பார்க்கும் செலவு சமம் என்பதும் பத்திரத்திலேயே வரட்டும். வரைபடத்தில் அந்த வரப்புகளைக் குறித்து இணையுங்கள். பத்திர எழுத்தருக்குப் புதிதாக இருக்கலாம்; பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்பதால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பதிவுசெய்த பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க விண்ணப்பியுங்கள்.

தனிப்பட்டா வந்தால் வேறு கதவுகளும் திறக்கும். கண்மாயில் இலவசமாக வண்டல் எடுக்க நீங்கள் மனுப்போட்டால், எவருடைய நிலத்துக்கு என்பதுதான் முதல் கேள்வி. பட்டாவும் அடங்கலும் (கிராமத்துப் பயிர்க் கணக்கு) ஒழுங்காக இருந்தால், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை, அதாவது சுமார் 30 டிராக்டர் நடை, அனுமதி உண்டு. உங்கள் மண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஒரே பட்டாவில் 7 ஏக்கராக இருக்கும்வரை சிறு விவசாயி சான்றும் கிடைக்காது. பிரிந்தால் ஒவ்வொருவரும் 5 ஏக்கருக்குக் கீழே வந்துவிடுவீர்கள். பின்னால் கிணறு அமைந்து சொட்டுநீர் போட நினைத்தால், சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

பிரித்த பிறகு 7 ஏக்கரையும் நீங்கள் ஒருவரே எப்படிப் பயிர் செய்வது? மற்ற நால்வரிடமும் குத்தகைக்கு எடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும். மரம் வைப்பதாக இருந்தால் 15 வருடமாவது எழுதுங்கள். "இத்தனை வருஷம் உழுதா காடு அவனுக்கே போயிடும்" என்று பெரியப்பா பயப்படலாம். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அனுபவித்து வந்தார் என்பதாலேயே மற்றவர் பங்கு அழிந்துவிடாது. ஆனால் குத்தகை என்று வரும்போது, 1955-ம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவரை எளிதில் வெளியேற்ற விடாது. இதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். மறைத்து வாங்கிய சம்மதம் இரண்டு மழைக்குத் தாங்காது.

பக்கத்துக்காரரின் 3 ஏக்கருக்கு வருவோம். அவர் ஏன் வாய்ப்பேச்சிலேயே தருகிறேன் என்கிறார் தெரியுமா? அதே 1955 சட்டத்தைப் பற்றிய பயம்தான். தஞ்சாவூர் வட்டாரத்தில் குத்தகைதாரர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய கொடுமைக்கு எதிராக 1952-ல் ஒரு சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மாநிலம் முழுமைக்குமாக வந்தது இது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது, இன்றும் தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் நிழலில் இன்னொன்றும் நடந்தது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நினைத்த சொந்தக்காரர்கள், ஒன்று தரிசாகப் போட்டார்கள், இல்லையென்றால் வருடத்துக்கு வருடம் ஆள் மாற்றினார்கள். வருடத்துக்கு வருடம் ஆள் மாறும் நிலத்தில் யாரும் தொழுவுரம் கொட்டமாட்டார்கள். உண்மையில் அந்தச் சட்டம் எழுத்தில் உள்ள குத்தகையை மட்டும் பார்ப்பதில்லை. வாய்மொழிக் குத்தகைக்கும் பொருந்தும். எழுதாததால் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவர் நினைப்பதைவிடக் குறைவு. உங்களுக்கோ அது பெரிய நஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி வாய்ப்பேச்சில் எடுத்த நிலத்தில் மூன்று வருடம் கரம்பை (கண்மாய் வண்டல்) அடித்து, ஆட்டுக் கிடை போட்டு, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கினார். நாலாம் வருடம் நல்ல விளைச்சலைக் கண்ட சொந்தக்காரர் தானே உழப்போவதாகச் சொல்லிவிட்டார். கோர்ட்டுக்குப் போக உழுதவருக்குத் தெம்பு இல்லை. அந்த மண்ணைக் கையில் அள்ளிக் காட்டியபோது அவர் கண் கலங்கியது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே எழுத்தில் தராதவரை அந்த 3 ஏக்கரில் ஒரு பருவத்தில் திரும்பி வரக்கூடிய செலவை மட்டும் செய்யுங்கள்: கோடை உழவு, கொழுஞ்சி அல்லது சணப்பை விதைத்து மடக்கி உழுவது, முடிந்தால் நாலு நாள் ஆட்டுக் கிடை. வண்டல், வரப்பு, மரம் எதுவும் வேண்டாம். எழுதித் தரச் சம்மதித்தால், இடையில் நிலத்தைத் திரும்பக் கேட்டால் மண்ணுக்குச் செய்த செலவுக்கு என்ன ஈடு, மரம் யாருக்கு என்ற இரண்டும் தெளிவாக இருக்கட்டும்.

மரம் யாருக்கு என்ற கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு வறண்ட நாடு. அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டப்படி வயலில் இருக்கும் மரமும் அரசுக்கே சொந்தம். தன் வயல் மரத்தை வெட்டினாலும் அபராதம் என்றால், முளைத்து வரும் கன்றை எந்த விவசாயி காப்பாற்றுவார்? உழும்போதே பிடுங்கி எறிந்தார்கள். 1980-களில் மராடி பகுதியில், மண்ணுக்குள் உயிரோடு இருந்த பழைய வேர்க்கட்டைகளின் துளிரைக் காத்து வளர்க்கும் முறை பரவத் தொடங்கியது. அதிகாரிகளும் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். தன் வயல் மரம் தனக்குத்தான் என்ற நம்பிக்கை வந்த பிறகு, மராடி, சிண்டர் பகுதிகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்ப வந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பகுதிக்கு யாரும் ஒரு நாற்றுகூட நடவில்லை.

இனி ஜேசிபி. வரும் முன் நிலஅளவரை வைத்து எல்லைக்கல் பாருங்கள். நீங்கள் உங்களுடையது என்று நினைக்கும் கருவேலங்காட்டில் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்காக இருக்கக்கூடும். அங்கே அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. உங்கள் எல்லைக்குள் இருப்பதை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வாங்குபவர்கள் வெட்டிக்கொண்டு பணமும் தருவார்கள். ஆனால் தூரை விட்டுவிட்டுப் போவார்கள், அது மறுபடியும் துளிர்க்கும். வேரோடு எடுப்பதாகப் பேசுங்கள். அந்தப் பணத்தை ஐந்து பங்காகவே வையுங்கள். இன்னொன்று, கருவேலத்தடி மண் செத்த மண் என்று நினைக்க வேண்டாம். அவரை இனம்தான் அது. இருபது வருட இலைச்சருகு அங்கே மக்கிக் கிடக்கிறது. வண்டி ஓட்டுபவர் மேல்மண்ணைச் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். இருபது வருடமாக அது அவர்களுக்கு மேய்ச்சல் காடு. திடீரென்று முள்வேலி போட்டால் மரக்கன்றுகள் தப்பாது. சண்டிகர் பக்கத்தில் சுகோமாஜ்ரி என்ற ஊரில் 1970-களில் மொட்டையான மலைச்சரிவைக் காக்க முயன்றபோது, புதிதாகக் கட்டிய அணைத் தண்ணீரில் நிலமில்லாத வீட்டுக்கும் சமபங்கு கொடுத்தார்கள். அதன் பிறகு ஊரே மலையில் மேய்ப்பதை நிறுத்திக்கொண்டது. உங்களால் முடிந்தது, அறுவடைக்குப் பிறகு தாளில் மேய்க்கவும் கிடை போடவும் அவர்களை அழைப்பது. கிடை உரம் உங்களுக்கும் லாபம்.

கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தனியாளாகச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் அக்கம்பக்கத்து ஆயக்கட்டுதாரர்களோடு சேர்ந்து கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். உங்கள் 7 ஏக்கரை ஒட்டி மற்றவர்கள் நிலமும் தரிசாக இருந்தால், வேளாண் துறையில் தரிசு நிலத் தொகுப்பைப் பற்றிக் கேளுங்கள். கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், தொடர்ச்சியாக 10 முதல் 15 ஏக்கர் தரிசு வைத்திருக்கும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால், புதர் அகற்றி, பொதுவில் ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தர வழி இருக்கிறது. தண்ணீர் முறையையும் பழுதுச் செலவையும் மோட்டார் ஓடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

இந்த வருட வடகிழக்குப் பருவமழைக்குள் எல்லாம் முடியாது. பாகப்பிரிவினை பதிவாகி, குறுக்கு வரப்பு மட்டும் விழுந்து, கொழுஞ்சி விதைத்தீர்கள் என்றால் அதுவே நல்ல தொடக்கம். மரக்கன்று அடுத்த மழைக்கு. ஜேசிபிக்கு எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு இரண்டு அத்தை வீட்டுக்கும் போய் வாருங்கள்.