மாமரம் பூக்காமல் துளிர்க்கிறதே, தண்ணீர் விடலாமா?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஆறு பெங்களூரா மாமரங்கள் இருக்கின்றன. வழக்கமாகப் பொங்கலுக்கு மரம் முழுக்கப் பூ நிற்கும். இந்த முறை மார்கழி கடைசி வரை மழை. தை முடியப் போகிறது, பூவுக்குப் பதில் செந்துளிர்தான் வருகிறது. தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் பூக்குமா?

பதில்: வேண்டாம். இப்போது வேருக்கு இரண்டையும் கொடுத்தால் இன்னும் துளிர்தான் தள்ளும்.

மாவின் நுனிமொட்டு விரியும் நேரம் வரை இலையாகவும் போகலாம், பூவாகவும் போகலாம். சில வாரங்கள் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால், முற்றிய இலைகளிலிருந்து பூப்பதற்கான தூண்டல் மொட்டுக்குப் போகும். மண் காய்ந்திருந்தால் கிளை இடையில் துளிர்க்காமல் முற்றும். மேகம் மூடிய இரவில் குளிர் இறங்காது; மழையும் சேர்ந்தால் மரம் இலையின் பக்கம் சாய்ந்துவிடும். காலநிலை மாற்றம் என்றதும் கோடை வெயிலைத்தான் பேசுகிறோம். மா விவசாயி மார்கழி இரவுகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பேன்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நாளைக் காலையில் ஒவ்வொரு கிளை நுனியையும் தொட்டுப் பாருங்கள். இலை செம்பு நிறத்தில் தொங்கினால் அந்தக் கிளை இந்தப் பருவத்தில் பூப்பது கடினம், விட்டுவிடுங்கள். கரும்பச்சையாக, மடக்கினால் மொறுமொறுப்பாக இருந்து, மொட்டும் பருத்திருந்தால் இன்னும் வாய்ப்பு உண்டு. அந்தக் கிளைகளுக்கு மட்டும் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து, வெயில் தணிந்ததும் இலை நனையத் தெளியுங்கள். இளங்கிளையில் அடித்தால் துளிர்தான் வரும்.

தாமதமாக வரும் பூ மாசி, பங்குனி வெயிலில் மாட்டும். பிஞ்சு கொஞ்சம் உதிரத்தான் செய்யும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாவில் மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்கு. பூங்கொத்தின் சாறை உறிஞ்சும் தத்துப்பூச்சி தெரிந்தால் பூங்கொத்து நீளும்போதே, பூ விரிவதற்கு முன், கட்டுப்படுத்திவிடுங்கள்.

அப்புறம், அறுவடை முடிந்ததும் தாமதிக்காமல் ஆடிக்குள் லேசாகக் கவாத்து செய்யுங்கள், அதாவது கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். ஆவணியில் வரும் துளிர் தைக்குள் நான்கைந்து மாதம் முற்றியிருக்கும். அப்படி முற்றிய கிளைக்குக் குளிர் சற்றுக் குறைந்தாலும் பூக்கும். கார்த்திகையிலிருந்து பூ வரும் வரை பாசனத்தை நிறுத்திவிடுங்கள். மழைநீர் மரத்தடியில் தேங்காமல் வடிய இப்போதே வாய்க்கால் வெட்டி வைப்பது நல்லது.