உலோகம்தான் காரணம் என்று கடைக்காரர் சொன்னால் போதுமா?

கேள்வி: கடலூர் அருகே உப்பனாற்றுத் தண்ணீரை ஏற்றி வன்னமெய் இறால் வளர்க்கிறேன். 45 நாளில் ஓடு மெலிந்து தினமும் சாகிறது. ஆலைக் கழிவில் வந்த உலோகம் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டது, உலோகத்தைப் பிடித்துக் கட்டும் ஈ.டி.டி.ஏ. மருந்தும் இம்யூனிட்டி பவுடரும் போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சாகும் நிலையில் உள்ள இறாலை முதலில் வெண்புள்ளி வைரஸ் பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுங்கள்.

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. இறால் ரத்த அணுக்களை நம்பித்தான் கிருமியோடு மோதுகிறது. காட்மியம், பாதரசம் போன்றவை உடம்பில் சேர்ந்தால் அந்த அணுக்கள் குறையும். அப்புறம் குளத்தில் எப்போதும் இருக்கும் விப்ரியோ பாக்டீரியாவே சாய்த்துவிடும். ஆனால் அம்மோனியாவும் ஆக்சிஜன் குறைவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நீச்சல் காலின் அடியில் ஊசி வைத்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். நல்ல இறாலின் ரத்தம் சட்டென்று உறையும். தண்ணீராகவே நின்றால் இறால் நலிந்திருக்கிறது, அவ்வளவுதான். உலோகமா வைரஸா என்று ரத்தம் சொல்லாது, கடைக்காரர் எப்படிச் சொல்கிறார்?

தாமிரக் கதை வேறு. இறால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளிலேயே தாமிரம்தான் இருக்கிறது. தீவனத்திலும் அதற்காகவே சேர்க்கிறார்கள். ஆகவே ஆய்வறிக்கையில் தாமிரம் என்று பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் பாசியைக் கொல்ல மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், கொட்டினீர்களா? ஆல்கலினிட்டியும் (அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை) உப்பும் குறைவான தண்ணீரில், மழைக்குப் பிறகு, அதே அளவு மயில்துத்தம் இறாலை அதிகமாகத் தாக்கும். ஆலையைத் திட்டும் முன் உங்கள் மருந்து நோட்டைப் புரட்டுங்கள்.

ஈ.டி.டி.ஏ. குஞ்சுப் பொரிப்பகத்தில் உதவும். உங்கள் குளம் ஒரு ஏக்கர், 1.2 மீட்டர் ஆழம் என்று வையுங்கள், தண்ணீர் சுமார் 48 லட்சம் லிட்டர். 10 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், வேண்டுமென்றால் 48 கிலோ போட வேண்டும். கடைக்காரர் விற்பது இரண்டு கிலோ! அதையும் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொள்ளும். சேற்றில் படிந்த உலோகம் அங்கேயே இருக்கும். பவுடரைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

உண்மை தெரிய வேண்டுமானால் அடிச்சேற்றையும் இறாலையும் ஆய்வுக்குக் கொடுங்கள். தண்ணீர் என்றால் ஆய்வகம் தரும், நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அறிக்கை சுத்தமாக வரும். கழிவு இரவில் வரும், மாதிரி எடுப்பவர் பகல் பதினொரு மணிக்கு வருவார். பிறகு எல்லாம் சரி என்று ஒரு தாள் வரும். இதை எத்தனை ஊரில் பார்ப்பது? அதனால் ஆற்றுத் தண்ணீரின் நிறம் மாறும் நேரத்தில் நீங்களே எடுத்து, நாள், நேரம் எழுதி வையுங்கள்.

அறிக்கை வரும்வரை ஆற்றுத் தண்ணீர் ஏற்ற வேண்டாம். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் கடல் ஏற்றம் உச்சிக்கு வரும்போது எடுத்து, இருப்புக் குளத்தில் தெளியவிட்டு, பிறகு வளர்ப்புக் குளத்துக்குத் திறந்துவிடுங்கள். வைரஸ் உறுதியானால் தண்ணீரை வெளியே விடாமல் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரரும் அதே ஆற்றில்தான் எடுக்கிறார்.